மறுகரைச் சாலைகள்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கோயில்களிலும் கல்வெட்டுகளிலும் தேடுவோர் பலர். சாலைகளில் தேடுவோர் சிலரே. அரண்மனையில் அரசன் மட்டுமே வாழ்ந்தான். சாலையிலோ அரசனும் சென்றான். அவன் படையும் சென்றது. உப்பு விற்பவனும், ஆடு மேய்ப்பவனும், வேலை தேடி ஊர்விட்டு ஊர் போனவனும் சென்றார்கள். ஒரு நாட்டு மக்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய ஏடு எது என்று கேட்டால், அந்நாட்டின் சாலையே என்று தயங்காமல் சொல்லலாம்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், புவியியல் கற்பிக்கும் முறையை எங்களுக்குச் சொல்லித் தந்த பெரியவர் ஒரு பழக்கத்தை வற்புறுத்துவார். வரைபடத்தில் எந்தச் சாலையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பார். இதைப் போட்டவர் யார்? எதற்காகப் போட்டார்? இன்று இதன் வழியே போகிறவர் யார்? இந்த மூன்று கேள்விகளையும் நான் முப்பதாண்டுகளுக்கு மேல் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். இன்று அவற்றை, இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் மலையும் காடும் ஏரியும் நெருங்கிக் கிடக்கும் ஒரு சிறு பகுதியின் சாலைகளிடம் கேட்க விரும்புகிறேன். ‘ஏரி நாடு’ என்பது அப்பகுதியின் பெயர். மோட்டார் வாகனங்களின் இரைச்சல் இல்லாத சாலைகளை நாடி மிதிவண்டியில் வருவோர்க்கு அது ஒரு புகலிடம். என் மகன் அப்பகுதிக்கு அருகே பணிபுரிந்தபோது ஒரு கோடைக்காலம் அங்கே தங்கினேன். வகுப்பறைச் சுவரில் தொங்கிய படத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய இடங்களை, வாடகைக்கு எடுத்த மிதிவண்டியில் ஏறி நேரில் காணும் பேறு எனக்குக் கிடைத்தது.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்காஃபெல் பைக் இங்கேதான் உள்ளது. அதன் உயரம் 978 மீட்டர். நம் நீலகிரியையும் ஆனைமலையையும் கண்டவர்களுக்கு இது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் இங்குள்ள பள்ளத்தாக்குகளின் அடித்தளம் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலானது. மலைகளோ அத்தளத்திலிருந்து செங்குத்தாக எழுபவை. பனியுகத்தில் பனியாறுகள் இப்பள்ளத்தாக்குகளை ஆழக் குடைந்தன. பனி உருகியபின் குடைந்த இடங்களில் நீர் நின்றது. அவையே இன்றைய ஏரிகள். மழைக்கும் குறைவில்லை. பாரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது.

இந்த நாட்டில் வாழ்ந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், பயணிகளுக்காக உரைநடையில் ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். அதில் இப்பள்ளத்தாக்குகளைச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஒப்பிட்டிருக்கிறார். நடுவே மலைமுடிச்சு குடம்போல் இருக்க, பள்ளத்தாக்குகள் எல்லாத் திசையிலும் ஆரங்களாக விரிகின்றன என்பது அவர் கருத்து. அவர் கண்டது வண்டிச் சக்கரம். அந்த உவமை மிதிவண்டிக்காரனுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ஓர் ஆரத்திலிருந்து அடுத்த ஆரத்துக்கு எளிதாகப் போக முடியாது. இடையில் மலை நிற்கும். கணவாயைக் கடந்தால்தான் அடுத்த பள்ளத்தாக்கு. எனவே சாலை இருவகையே. ஒன்று ஏரிக்கரையோடு ஒட்டிச் செல்வது. மற்றொன்று கணவாயின் மேல் ஏறி இறங்குவது.

ஏரிக்கரைச் சாலைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒவ்வோர் ஏரிக்கும் கரை இரண்டு. ஒரு கரையில் நெடுஞ்சாலை ஓடுகிறது. மறுகரையில் ஒற்றை வண்டி செல்லும் சிறுசாலை ஓடுகிறது. விண்டர்மியர் ஏரிக்கு நெடுஞ்சாலை கிழக்கே; காட்டுச் சாலை மேற்கே. கோனிஸ்டன் ஏரிக்கு நெடுஞ்சாலை மேற்கே, சிறுசாலை கிழக்கே. டெர்வெண்ட்வாட்டர் ஏரியின் கிழக்குக் கரையில் பேருந்து ஓடும் சாலை. மேற்குக் கரையில், கேட் பெல்ஸ் குன்றின் இடுப்பைச் சுற்றி வளையும் குறுகிய சாலை. தர்ல்மியர், அல்ஸ்வாட்டர் என்னும் ஏரிகளுக்கும் இதே கதைதான். மிதிவண்டியில் வருபவன் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: எப்போதும் மறுகரையைத் தேடு.

மறுகரை ஏன் அமைதியாக இருக்கிறது? ‘இயற்கை அப்படி அமைத்தது’ என்று சொல்லிவிடத் தோன்றும். அது சரியான விடையன்று. மலையும் நீரும் இயற்கையின் கொடை. சாலையின் அமைதியோ மனிதர் செயலால் விளைந்தது. எங்கோ, எப்போதோ, யாரோ ஒரு முடிவு செய்தார்கள். அந்த முடிவால் ஒரு கரைக்கு வண்டிகள் போயின; மறுகரை ஒதுங்கியது. அந்த முடிவுகளுக்குச் சிலர் விலையும் கொடுத்தார்கள். அந்த விலையின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்நாட்டுச் சாலைகளில் காலத்தால் முந்திய வரலாறு ரோமானியருடையது. கடற்கரையில் உள்ள ரேவன்கிளாஸ் துறையிலிருந்து உள்நாட்டு ஆம்பிள்சைடு வரை அவர்கள் ஒரு படைவழி அமைத்தார்கள். அவ்வழி ஹார்ட்நாட், ரைனோஸ் என்னும் இரண்டு கணவாய்களைக் கடந்தது. ஹார்ட்நாட் கணவாயின் மேற்குச் சரிவில், பேரரசன் ஹேட்ரியன் காலத்தில், அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒரு கோட்டை எழுந்தது. அதன் கற்சுவர்களை இன்றும் காணலாம். அக்கோட்டையைக் காத்தவர்கள் ஆட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவிலிருந்து வந்த வீரர்கள். வெயில் காயும் தங்கள் ஊரை விட்டு, மழையும் மூடுபனியும் சூழ்ந்த இந்தக் கணவாயில் நின்று அவர்கள் யாருக்காகக் காவல் காத்தார்களோ, அந்தப் பேரரசு மறைந்தது. வழி மட்டும் நின்றது.

ரோமானியருக்குப் பின் நெடுங்காலம் இங்கே வண்டிச் சாலை என்று சொல்லத்தக்கது அரிது. நம் நாட்டில் பொதிமாடுகள் சென்றதுபோல் அங்கே பொதிக்குதிரைகள் வரிசையாகச் சென்றன. கெண்டல் நகரத்துக் கம்பளித் துணியும், மலையில் வெட்டிய கல்லும், உப்பும் குதிரை முதுகில் ஏறியே ஊர் கடந்தன. இரு பக்கமும் பொதி தொங்கும் குதிரை செல்வதற்கு இடறாத வகையில் கைப்பிடிச் சுவரில்லாமல், அல்லது மிகத் தாழ்ந்த சுவரோடு, கட்டிய குறுகிய கற்பாலங்கள் இன்றும் நிற்கின்றன.

18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சுங்கச் சாலைகள் வந்தன. நாடாளுமன்றச் சட்டத்தின்படி குழுக்கள் அமைந்து, சாலையைச் செப்பனிட்டு, சாவடி வைத்துச் சுங்கம் வாங்கின. கெண்டலிலிருந்து ஆம்பிள்சைடு வழியாக, டன்மெயில் மேட்டைக் கடந்து, கெசிக் நகர் சேரும் வழி அவ்வாறு சுங்கச் சாலையாயிற்று. ஒரு வழி சுங்கச் சாலையானபோது அதன் அண்டை வழிகள் பின்தங்கின. இரட்டைக் குதிரை பூட்டிய கோச்சு வண்டி எந்தக் கரையில் ஓடியதோ, அந்தக் கரையிலேயே பிற்காலத்தில் மோட்டாரும் ஓடியது.

மறுகரைகள் அன்று வெறிச்சோடிக் கிடந்தன என்று எண்ணிவிடக் கூடாது. அவை உழைப்பாளிகளின் சாலைகள். விண்டர்மியருக்கும் கோனிஸ்டனுக்கும் இடையே உள்ள காட்டைப் பாருங்கள். இது மனிதர் பயிரிட்டதுபோல் பேணி வளர்த்த காடு. கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுதாம்பு கிளைப்பதை நாம் அறிவோம். அதுபோல ஓக், பர்ச் முதலிய மரங்களை அடியோடு ஒட்ட வெட்டிவிட்டால், கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும். சுமார் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மீண்டும் வெட்டுவார்கள். அந்த விறகு கரியாகி இரும்பு உலைக்குப் போயிற்று. பட்டை தோல் பதனிடுவோர்க்குப் போயிற்று. எஞ்சிய கழிகள் பாபின் பட்டறைக்குப் போயின.

பாபின் என்பது நூல் சுற்றும் மரக்கட்டை. விண்டர்மியர் ஏரியின் தென்மேற்கே ஸ்டாட் பார்க் என்னும் இடத்தில் 1835ஆம் ஆண்டு நிறுவிய ஒரு பாபின் பட்டறை 1971 வரை நடந்தது; இப்போது அது காட்சிச்சாலை. அங்கே கடைந்த பாபின்கள் லங்காஷயர் பஞ்சாலைகளுக்கு ஏற்றுமதியாயின. அந்தப் பஞ்சாலைகளின் துணி கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நம் கைத்தறி நெசவாளர் பலருடைய தறிகள் ஓய்ந்ததற்கு அந்தத் துணியும் ஒரு காரணம். ஏரி நாட்டின் காட்டுச் சாலையில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு, பழைய மரக்கட்டைகளிலிருந்து கிளைத்து நின்ற தண்டுகளை எண்ணியபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. உலகின் ஒரு மூலையில் வெட்டிய கழிக்கும் மற்றொரு மூலையில் நின்றுபோன தறிக்கும் இடையே ஒரு சாலை இருந்திருக்கிறது. பட்டறை மூடிற்று, கரி சுடுவோர் போயினர், சாலை அமைதியாயிற்று. இந்த அமைதி ஒரு தொழில் முடிந்தபின் வந்த அமைதி.

அடுத்து வந்தது புகைவண்டி. கெண்டலிலிருந்து விண்டர்மியர் ஏரிவரை இருப்புப்பாதை போடத் திட்டமிட்டபோது, 1844இல், 74 வயதான வேர்ட்ஸ்வொர்த் அதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் அப்போது நாட்டின் அரசவைக் கவிஞர். லண்டன் நாளிதழில் கவிதையும் கடிதங்களும் வெளியிட்டார். ஆலை நகரங்களிலிருந்து திரள் திரளாக மக்களைக் கொண்டுவந்து கொட்டினால் இடமும் கெடும், வருவோர்க்கும் உண்மைப் பயன் கிட்டாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த வாதத்தைப் படிக்கும் எவரும் சற்றுத் தயங்குவர். எளிய மனிதரைத் தம் பாடல்களில் உயர்த்தியவர், அதே எளிய மனிதர் ஏரியைப் பார்க்க வருவதை ஏன் அஞ்சினார்? அழகை நுகரத் தகுதி வேண்டும் என்றால், அந்தத் தகுதியைப் பெற வாய்ப்பும் வேண்டுமன்றோ? பாதை 1847இல் திறக்கப்பட்டது. ஆனால் விண்டர்மியரோடு நின்றது.

நின்றது தற்செயலன்று. 1880களில் அதை ஆம்பிள்சைடு வரை நீட்டவும், ஹானிஸ்டர் கணவாயில் வெட்டும் பலகைக்கல்லை இறக்கப் பட்டர்மியர் பக்கம் ஓர் இருப்புப்பாதை போடவும் முயற்சிகள் நடந்தன. நாம் சிறுவயதில் எழுதிப் பழகிய சிலேட்டின் இனந்தான் அந்தக் கல். கூரை வேய்வதற்குப் பெயர் போனது. ரான்ஸ்லி என்னும் பாதிரியார் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். கோனிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையில், பிரண்ட்வுட் இல்லத்தில் 1872 முதல் வாழ்ந்த அறிஞர் ரஸ்கின் துணை நின்றார். பட்டர்மியர்த் திட்டம் 1883இல் கைவிடப்பட்டது. ஆம்பிள்சைடுத் திட்டம் 1887இல் தோற்றது. நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கின் வழியே 333 மீட்டர் உயரமுள்ள கணவாயை ஏறிப் பட்டர்மியருக்கு இறங்கும் சாலையில் இன்று ஆட்டின் குரலும் ஓடையின் ஒலியும் கேட்கின்றன என்றால், அந்த நாட்களின் வழக்காடலுக்கும் அதில் பங்கு உண்டு.

அதே ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில் அம்மையார், ராபர்ட் ஹண்டர் ஆகிய மூவரும் 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தனர். டெர்வெண்ட்வாட்டரின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹௌ என்னும் காட்டுநிலம் விலைக்கு வந்தது. வீடுகட்டுவோர் கையில் அது சிக்கிவிடக் கூடாதென்று பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 6,500 பவுன் சேர்ந்தது. 1902இல் நிலம் பொதுச் சொத்தாயிற்று. செல்வர் மட்டும் கொடுத்த பணமன்று அது. ஷெஃபீல்டு நகரத்துத் தொழிலாளி ஒருவர் இரண்டரை ஷில்லிங் அனுப்பினார். ஏரிகளைக் காண வாழ்நாளெல்லாம் ஏங்கியதாகவும், இனித் தமக்கு அது கைகூடாதென்றும், பிறருக்காவது அவை நிலைக்கட்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் ஐயத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த விடை இது என்று நான் கருதுகிறேன். அழகின் அருமை ஆலைத் தொழிலாளிக்குத் தெரியாது என்று இனி யார் சொல்ல முடியும்? கேட் பெல்ஸ் குன்றின் கீழே அந்தக் காட்டோரச் சாலையில் மிதிவண்டியை மெல்ல மிதிக்கும் ஒவ்வொருவனும், முகம் அறியாத அந்த மனிதருக்குக் கடன்பட்டவன்.

கொடுத்தவர் கதை இது. இழந்தவர் கதையும் உண்டு. மான்செஸ்டர் நகரம் வளர்ந்தது. குடிக்க நீர் வேண்டும். 1879இல் சட்டம் இயற்றித் தர்ல்மியர் ஏரியில் அணை கட்டினார்கள். சுமார் 96 மைல் நீளக் கால்வாயும் குழாயும் சுரங்கமும் வழியாக, இறைக்கும் பொறி இல்லாமல் தானே சரிந்தோடி, 1894இல் நீர் மான்செஸ்டரை அடைந்தது. ஏரி உயர்ந்ததால் பழைய வழிகள் மூழ்கின. மேற்குக் கரையில் நகராட்சியே புதுச் சாலை போட்டது. நெடுஞ்சாலை கிழக்குக் கரையில் நிலைத்ததால் மேற்குக் கரைச் சாலை மிதிவண்டிக்கும் நடைக்கும் உரியதாயிற்று. மரமும் பாறையும் சரிந்து அது அடைபடும் காலங்களும் உண்டு. ஆதலால் புறப்படுமுன் விசாரித்துச் செல்வது நலம்.

அதனினும் துயரமானது ஹாஸ்வாட்டர் கதை. 1919இல் சட்டம், 1929இல் அணைவேலை தொடக்கம். நீர்மட்டம் 29 மீட்டர் உயர, மார்டேல் என்னும் சிற்றூர் நீரடியில் போயிற்று. தேவாலயத்தின் கடைசி வழிபாடு 1935 ஆகஸ்டில் நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து 97 பேரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து ஷாப் என்னும் ஊரில் மீண்டும் அடக்கம் செய்தனர். மூழ்கிய பழைய சாலைக்குப் பதிலாகக் கிழக்குக் கரையில் புதுச் சாலை போட்டார்கள். கோடை கடுமையான ஆண்டுகளில் நீர் வற்றும்போது ஊரின் கற்சுவர்களும் பழைய பாலமும் வெளியே தெரியும். 1934இல் கட்டி முடித்த நம் மேட்டூர் அணையின் நீர் இறங்கும்போது, பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைக் கண்டவர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டுவதில்லை.

அந்த ஹாஸ்வாட்டர்ச் சாலை இன்று அந்நாட்டிலேயே அமைதியான சாலைகளுள் ஒன்று. காரணம் எளிது: அது எங்கும் போவதில்லை. ஏரியின் தலைப்பில், மலையடிவாரத்தில் முடிந்துவிடுகிறது. முடிகிற சாலையில் வண்டி எதற்காக வரும்? நான் அச்சாலையில் சென்ற நாளில் ஒரு பக்கம் ஓக் மரங்களும் பெரணிகளும், மறுபக்கம் அலையற்ற நீரும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. ஆனால் பெரியவர் கற்பித்த மூன்றாம் கேள்வியை நினைத்தபோது மனம் கனத்தது. இன்று இதன் வழியே போகிறவர் யார்? என்னைப் போன்ற வழிப்போக்கர். போகாதவர் யார்? இந்தச் சாலை எந்த ஊருக்காக இருந்திருக்க வேண்டுமோ, அந்த ஊரார்.

இனி, இச்சாலைகளுக்கு மிதிவண்டி வந்த வகையைக் காண்போம். பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமுமாக இருந்த பழைய வண்டியில் ஏறுவதே துணிச்சல். மலைச் சரிவில் இறங்குவது அதனினும் பெருந்துணிச்சல். 1885இல் கவெண்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாகவும் பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதாகவும் அமைந்த வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். இவை இரண்டும் சேர்ந்ததும் சைக்கிள் எல்லாரும் ஏறத்தக்க வாகனமாயிற்று. 1878இலேயே தோன்றியிருந்த மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம், அபாயமான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டது. 1894இல் பர்மிங்காம் நகரில் தொழிலாளர் சிலர் ‘கிளாரியன்’ என்னும் பொதுவுடைமைச் சார்புடைய இதழின் பெயரால் மிதிவண்டிக் கழகம் கண்டனர். அது தொழில் நகரங்களெங்கும் பரவியது. 1930இல் இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றிக் குறைந்த செலவில் தங்கிடம் அளித்தது.

இவற்றின் பொருள் என்ன? வாரம் முழுதும் ஆலையில் உழைத்தவன், சனிக்கிழமை மாலை தன் சொந்தக் காலின் வலிமையால் ஏரிக்கரை சேர்ந்தான். அவன் யாருடைய சலுகையாலும் வரவில்லை. வந்தபோது புகையும் இரைச்சலும் கொண்டுவரவில்லை. வேர்ட்ஸ்வொர்த் காக்க விரும்பிய அமைதிக்கும், அவர் அஞ்சிய மக்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்துவைத்தது மிதிவண்டியே என்றால் மிகையன்று.

ஆனால் மோட்டார் வந்தது. ஹார்ட்நாட் கணவாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப்போரின்போது படையினர் அங்கே டாங்கிகளை ஓட்டிப் பழகினர். பழைய பாட்டை சிதைந்தது. போருக்குப்பின் அதைச் சீராக்கித் தாரும் இட்டார்கள். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் காலாளுக்கும் குதிரைக்கும் உரியதாயிருந்த வழி, சில ஆண்டுகளில் கார் வழியாயிற்று. அதன் செங்குத்தான பகுதியில் மூன்றடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏற வேண்டும். வலிமை மிக்க இளைஞர் மிதித்தே ஏறுகின்றனர். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். கோட்டைச் சுவரைப் பார்க்க அதுவே வசதி.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் ஏரி நாடு தேசியப் பூங்காவாயிற்று. 2016இல் எல்லை விரிந்து, அதன் பரப்பு 2,362 சதுர கிலோமீட்டராயிற்று. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. புகழ் வளர வளரக் கூட்டமும் வளர்ந்தது. வருவோரில் பெரும்பாலோர் காரிலேயே வருகின்றனர். பள்ளி விடுமுறைக் காலத்தில், இரு கல்வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டிக்கு மட்டும் இடமுள்ள சாலையில், எதிரெதிரே இரண்டு கார்கள் வந்து நிற்கும் காட்சி அருமையானதன்று. நிலப்படத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்த நாளில் மறுகரைச் சாலையைத் தேர்ந்தவர் சிலர். கைப்பேசி வழி சொல்லும் இந்நாளில், நெடுஞ்சாலை நெரிந்தால் கருவியே வண்டிகளைச் சிறுசாலைக்குத் திருப்பிவிடுகிறது. தனக்குக் காவல் யாரும் இல்லாத அமைதி இவ்வாறுதான் கைநழுவும்.

எனினும் எதிர்த்திசையில் ஒரு நற்செய்தியும் உண்டு. கெசிக் வழியே 1860களில் ஓர் இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. மேற்குக் கரையின் இரும்பு உலைகளுக்கு டர்ஹம் பகுதியின் கல்கரியைக் கொண்டுசெல்வதே அதன் தலையாய பணி. மேற்குப் பகுதி 1966இலும் கிழக்குப் பகுதி 1972இலும் மூடின. கெசிக்கிலிருந்து திரெல்கெல்டு வரை, கிரீட்டா ஆற்றின் பள்ளத்தாக்கில், தண்டவாளம் நீக்கிய பாதை நடைக்கும் மிதிவண்டிக்கும் வழியாயிற்று. அந்நாளில் சஸ்டிரான்ஸ் என்று பெயர் வழங்கிய அறநிறுவனம், 1994இல் மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை சுமார் 140 மைல் நீள மிதிவண்டி வழியைத் திறந்தபோது, இந்தப் பாதை அதன் ஓர் அங்கமாயிற்று. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், அறிந்தவர்கள் மேற்கிலே தொடங்கிக் கிழக்கே முடிப்பார்கள்.

2015 டிசம்பரில் டெஸ்மண்ட் என்று பெயரிட்ட புயல் வந்தது. கிரீட்டா பெருக்கெடுத்து, பாதையின் இரண்டு பாலங்களை அடித்துச் சென்றது. அதே புயலில் அல்ஸ்வாட்டர் ஏரியின் வாயிலில் இருந்த 18ஆம் நூற்றாண்டுப் பூலிப் பாலமும் வீழ்ந்தது. இழந்தது நெடுஞ்சாலையன்று, பொழுதுபோக்குப் பாதைதானே என்று விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை. ஐந்தாண்டு உழைத்து, 2020 டிசம்பரில் கெசிக் பாதையை மீண்டும் திறந்தார்கள். பூலியிலும் அதே ஆண்டு புதுப் பாலம் எழுந்தது. அங்கிருந்து அல்ஸ்வாட்டரின் கிழக்குக் கரையோரமாய் ஹௌடவுன் சென்று, கொண்டையூசி வளைவுகளில் ஏறி, மார்ட்டின்டேலில் முடிந்துபோகும் சாலை, மறுகரைச் சாலைகளின் அழகுக்கெல்லாம் ஒரு தொகுப்புரை.

புறப்பட எண்ணும் இளைஞர்களுக்கு ஆசிரியன் என்ற உரிமையில் சில சொல்லலாம். முதல் நாள் டெர்வெண்ட்வாட்டரைச் சுற்றுங்கள். ஏறத்தாழ 10 மைல், அரைநாள் போதும். இரண்டாம் நாள் விண்டர்மியரைப் படகுத்துறையில் கடந்து, மேற்குக் கரைக் காட்டின் ஊடே தெற்கே ஸ்டாட் பார்க் வரை செல்லுங்கள். மூன்றாம் நாள் கோனிஸ்டனின் கிழக்குக் கரை. கால் பழகியபின் நியூலண்ட்ஸ். ஹார்ட்நாட்டைக் கடைசிக்கு வையுங்கள். மே, ஜூன் மாதங்கள் நல்லவை. ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்கு நல்ல பிரேக்கு வேண்டும். இரண்டாவதே முக்கியம். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் இறங்கி நில்லுங்கள். சாலை நமக்கு இன்பப் பொருள், மேய்ப்பனுக்கோ அது வயிற்றுப்பாடு.

மூன்று கேள்விகளுக்கு இப்போது விடை தெரியும். சாலையைப் போட்டவர் ரோமானியர், பொதிக்காரர், கரிசுடுவோர், நகராட்சியார். போட்டது படைக்காகவும், கம்பளிக்காகவும், பாபினுக்காகவும், குடிநீருக்காகவும். ஒருவர்கூட அழகுக்காகப் போடவில்லை; அமைதிக்காகவும் போடவில்லை. இன்று போகிறவர்க்கு அமைதி கிடைக்கிறது என்றால், அது இருவர் தந்தது. ஒருவர் மனமுவந்து தந்தார். அவர் ஏரியைப் பார்க்காமலே இரண்டரை ஷில்லிங் அனுப்பிய தொழிலாளி. மற்றவர் வேறு வழியின்றித் தந்தார். அவர் தம் முன்னோரின் எலும்பையும் எடுத்துக்கொண்டு மார்டேலை விட்டுச் சென்ற ஊரார். இந்த இருவரையும் அறிந்து செல்கிறவன் அச்சாலையில் உரத்துப் பேசமாட்டான், குப்பையும் போடமாட்டான், தனக்குப் பின்வருபவனுக்கு அந்த அமைதியைக் குறையாமல் விட்டுச் செல்வான். வரலாறு படிப்பதன் பயனும் அதுவே.